கார் ஏசி குளிரேல்லை: "காஸ் முடிஞ்சு போச்சு" எண்டால் நம்பலாமோ?

கேள்வி, 2024 பங்குனி (மார்ச்) 21

சுன்னாகத்திலை இருந்து எழுதிறன். மாருதி ஆல்ற்றோ, 2011. போன பங்குனி காஸ் அடிச்சன். ஆடியிலை குளிர் குறைஞ்சுது. புரட்டாதியிலை திரும்ப அடிச்சன். இப்ப பழையபடி வெக்கை. கராச்சிலை "காஸ் எண்டால் முடியும்தானே தம்பி, பெற்றோல் மாதிரி" எண்டு சொல்லினம். வருசத்துக்கு ரெண்டு தரம் அடிக்கிறது வழமையோ?

என்ரை பதில், பங்குனி 21, இரவு

வழமை இல்லை. பெற்றோல் எரிஞ்சு புகையாய்ப் போகுது. ஏசிக் காஸ் எரியிறேல்லை. மூடின குழாய்க்குள்ளை அதே காஸ்தான் சுத்திச் சுத்தி வருது. கொம்பிறசர் அதை அமுக்கும். றேடியேற்றருக்கு முன்னாலை நிக்கிற கொண்டென்சரிலை அது சூட்டை வெளியிலை விட்டுத் திரவமாகும். டாஷ்போட்டுக்குள்ளை இருக்கிற கூலிங் கொயிலிலை திரும்ப ஆவியாகேக்கை காருக்குள்ளை இருக்கிற சூட்டை உறிஞ்சும். வீட்டுப் பிறிட்ஜும் இதே வேலைதான் செய்யுது. அதுக்கு எத்தினை தரம் காஸ் அடிச்சனீங்கள்?

காரிலை றப்பர் ஹோஸ் இருக்கு, கொம்பிறசர் தண்டிலை சீல் இருக்கு, எல்லாம் எஞ்சினோடை சேர்ந்து ஆடுது. ஆனபடியால் பல வருசத்திலை கொஞ்சம் கசியும், அதை ஒத்துக்கொள்ளிறன். நாலு மாசத்திலை குளிர் போகுது எண்டால் எங்கையோ ஓட்டை இருக்கு. அந்த ஓட்டைக்குத்தான் நீங்கள் காசு கட்டிக்கொண்டு இருக்கிறியள்.

பங்குனி 21, இன்னும் கொஞ்சம் பிந்தி

படுக்கப் போனன், மனம் கேக்கேல்லை. "ஓட்டை இருக்கு" எண்டு அடிச்சுச் சொன்னது கொஞ்சம் அவசரம். தம்பி, ரெண்டு விசயம் முதல் சொல்லுங்கோ. கார் நிண்டால் மட்டும் வெக்கையோ, ஓடேக்கையும் வெக்கையோ? காத்து பலமாய் வந்து குளிர் இல்லையோ, காத்தே வரேல்லையோ? இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சால் அரைவாசிக் கரைச்சல் வீட்டு வாசலிலையே முடியும்.

நிக்கேக்கை வெக்கை, ஓடினால் குளிர் எண்டால் கொண்டென்சருக்குக் காத்துக் காணாது. ஃபான் சுத்தேல்லை, அல்லது அந்தத் தகடுகளுக்குள்ளை அழுக்கு அடைச்சிருக்கு. காத்தே வரேல்லை எண்டால் பில்ரரைப் பாருங்கோ. என்ரை காரிலை சாமான் வைக்கிற பெட்டியைக் கழட்டினால் பின்னுக்கு இருக்கு. போன வருசம் இழுத்து எடுக்க ஒரு கோப்பை வேப்பம்பூ வந்தது. காருக்கு மேலை வேம்பு நிக்குது. நிழலுக்கு நல்லம், வைப்பருக்குக் கீழை இருக்கிற சல்லடைக்குக் கூடாது.

இன்னொண்டும் இருக்கு. முதல் அரை மணித்தியாலம் நல்லாய்க் குளிர்ந்து, பிறகு காத்துக் குறைஞ்சு, ஏசியைப் பத்து நிமிசம் நிப்பாட்டிப் போட்டால் திரும்ப வரும். அது கூலிங் கொயிலிலை ஐஸ் பிடிக்கிறது. அதுக்குக் காரணம் பாக்காமல் காஸ் அடிக்கிறது பெரிய பிழை.

பங்குனி 23

தம்பி பதில் போட்டிருக்கிறார்: காத்து நல்லாய் வருது, நிண்டாலும் ஓடினாலும் ஒரே வெக்கை. கராச்சிலை எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு மீற்றரைக் கொழுவி, "95 காட்டுது, காஸ் நிறைய இருக்கு" எண்டவையாம். அதுக்குப் பிறகும் ஏன் காஸ் அடிச்சவை எண்டு எனக்கு விளங்கேல்லை.

இந்த 95 பற்றிக் கொஞ்சம் எழுத வேணும். எங்கடை கார் ஏசிக்குள்ளை இருக்கிற ஆர்-134ஏ காஸ் ஒரு மூடின பாத்திரத்துக்குள்ளை துளியளவு திரவமாய் இருந்தாலும், அதின்ரை அமுக்கத்தைத் தீர்மானிக்கிறது வெப்பநிலை மட்டும்தான். 30 பாகையிலை கிட்டத்தட்ட 97 பிஎஸ்ஐ. 400 கிராம் இருந்தாலும் 97, 150 கிராம் இருந்தாலும் 97. சமைக்கிற காஸ் சிலிண்டரும் அப்பிடித்தான், முடியிற நாள் வரைக்கும் அடுப்பு ஒரே மாதிரி எரியும். நிப்பாட்டின காரிலை மீற்றர் பாத்து எவ்வளவு காஸ் கிடக்கு எண்டு ஒருத்தராலும் சொல்ல ஏலாது.

அந்த வாசிப்பு வேறை ஒண்டுக்கு உதவும். கார் இரவு முழுக்க நிண்டு ஆறி, வெளியிலை 30 பாகை இருக்கேக்கை மீற்றர் 97க்கு நல்லாய் மேலை காட்டினால், உள்ளுக்கை காத்தோ வேறை காஸோ கலந்திருக்கு எண்டு சந்தேகப்படலாம்.

பங்குனி 24

எஞ்சின் ஓடேக்கை பாக்கிற விதம். கதவுகளைத் திறந்து விட்டு, ஏசியைக் கூடின குளிரிலை வைச்சு, எஞ்சினை நிமிசத்துக்கு 1500 சுத்திலை பிடிச்சு, கொம்பிறசருக்குக் காஸ் வாற தாழ்ந்த அமுக்கப் பக்கத்தையும் அது அமுக்கி விடுற உயர்ந்த அமுக்கப் பக்கத்தையும் மீற்றரிலை வாசிக்க வேணும். எங்கடை வெக்கையிலை தாழ்ந்த பக்கம் 30இலிருந்து 45 பிஎஸ்ஐ வரைக்கும், உயர்ந்த பக்கம் 200இலிருந்து 250 வரைக்கும் நிண்டால் பெரும்பாலும் நல்லம்.

ரெண்டும் குறைஞ்சால் காஸ் காணாது. ரெண்டும் கூடினால் காஸ் கூடிப்போச்சு, அல்லது கொண்டென்சருக்குக் காத்து இல்லை. தாழ்ந்தது கூடி உயர்ந்தது குறைஞ்சு, ரெண்டும் கிட்டக் கிட்ட வந்தால் கொம்பிறசர் களைச்சுப் போச்சு. தாழ்ந்த பக்கம் பூச்சியத்துக்குக் கீழை இழுத்தால் எங்கையோ அடைப்பு. உள்ளுக்கை ஈரம் இருந்தால், திரவக் காஸைக் கொயிலுக்குள்ளை கொஞ்சம் கொஞ்சமாய் விடுற எக்ஸ்பான்சன் வால்விலை ஐஸாகி அடைக்கும், உருகினால் விடும். அதாலைதான் கொஞ்ச நேரம் குளிரும், கொஞ்ச நேரம் வெக்கை.

காஸ் கூடினாலும் குளிர் குறையும். இதைக் கன பேர் நம்புகினம் இல்லை. என்ரை மச்சானே நம்பேல்லை.

சித்திரை 2

என்ரை காரின்ரை கதையை எழுதாமல் மற்றவைக்குப் புத்தி சொல்லுறது சரியில்லை. 2008 ரொயோட்டா விற்ஸ். கரவெட்டியிலை இருந்து அம்மாவை மாசத்துக்கு ரெண்டு தரம் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போறன். அவவுக்கு 78 வயசு. சித்திரை வெயிலிலை கண்ணாடியை இறக்கிக்கொண்டு போய், அங்கை வரிசையிலை இருந்து, மத்தியானம் திரும்பி வரேக்கை முகம் சிவந்து, கதைக்காமல் வருவா. போன மாசம் புத்தூர்ச் சந்தியிலை மரத்துக்குக் கீழை நிப்பாட்டித் தண்ணி தெளிச்சுப் போட்டுத்தான் மிச்சத் தூரம் ஓடினன். எனக்கு இது சொகுசுக் கதை இல்லை.

2020 இலை வாகன இறக்குமதியை நிப்பாட்டின பிறகு பழைய காரை விட்டு மாறவும் ஏலாமல் போச்சு. 2022 இலை பெற்றோல் இல்லாத மாதங்களிலை கார் கொட்டிலுக்குள்ளையே நிண்டது. பிழை அப்பதான் தொடங்கியிருக்கும் எண்டு நினைக்கிறன். கொம்பிறசர் தண்டின்ரை சீலுக்கு ஒயில் காஸோடை சுத்தித்தான் வர வேணும். மாசக்கணக்கிலை ஓடாமல் விட்டால் சீல் காயும். கார் சும்மா நிண்டாலும் மாசத்துக்கு ஒருக்கா எஞ்சினை ஓட்டி ஏசியைப் பத்து நிமிசம் போட்டு விடுங்கோ.

சித்திரை 14

மீன் தொட்டிக்குப் போடுற டிஜிற்றல் வெப்பமானி ஒண்டு வாங்கினன். நீள வயரும் நுனியிலை உணரியும் இருக்கு. நுனியை நடுவிலை உள்ள காத்து வாயிலுக்குள்ளை விட்டுப் பாக்கலாம். காய்ச்சல் பாக்கிற வெப்பமானி சரிவராது, அது 32க்குக் கீழை காட்டாது.

பின்னேரம் 2 மணி, வெளியிலை 34. உட்காத்தைச் சுத்த விட்டு நெல்லியடிக்குப் போய் வந்தன். வாயிலிலை 20. நல்ல ஏசி எண்டால் ஓடேக்கை 8இலிருந்து 11க்குள்ளை வர வேணும். இனிக் கையை நீட்டி "குளிருது, குளிரேல்லை" எண்டு சொல்லுறதை விட்டிட்டன்.

சித்திரை 29

சீல் எண்டு நான் சந்தேகப்பட்டது பிழை. புதுக் கராச் ஒண்டிலை காஸுக்குள்ளை சாயம் விட்டு, ஒரு கிழமை ஓடிப்போட்டு வரச் சொன்னவை. நீல லைற் அடிச்சு எல்லா மூட்டும் பாத்தம். கொம்பிறசர் சுத்தம், கொண்டென்சர் சுத்தம், ஹோஸ் சுத்தம். எனக்குப் பெரிய ஏமாற்றம். அங்கை வேலை செய்யிற பெடியன் ஒருத்தன் காருக்குக் கீழை படுத்து, ஏசித் தண்ணி சொட்டுற குழாயிலை லைற்றை அடிச்சான். சொட்டு பச்சை மஞ்சளாய் மின்னிச்சுது. ஓட்டை டாஷ்போட்டுக்குள்ளை, கூலிங் கொயிலிலை.

அந்தப் பெடியனுக்கு இருபது வயசு இருக்காது. மீற்றர் கொழுவாமலே கண்டுபிடிச்சான்.

காரணம் எங்கடை வேப்பம்பூவும் இலையும். பில்ரர் இல்லாமல் ஆரோ முந்தி ஓடியிருக்கினம். குப்பை கொயிலிலை ஒட்டி, ஈரத்தோடை ஊறி ஊறி அலுமினியத்தைத் திண்டிருக்கு. பருத்தித்துறைக் கரையாலை ஓடுற கார், உப்புக் காத்தும் சேர்ந்திருக்கும்.

வைகாசி 11

டாஷ்போட் முழுக்கக் கழட்டி ரெண்டு நாள் வேலை. புதுக் கொயில், ஈரத்தை உறிஞ்சிற புது டிறையர், மூட்டுகளுக்குப் புது றப்பர் வளையம். முக்கால் மணித்தியாலம் வக்குவம் இழுத்தவை. பக்கத்திலை நிண்டு பாத்தன். வக்குவம் இழுக்கிறது காத்தை எடுக்க மட்டும் இல்லை, ஈரத்தை எடுக்கவும்தான். அமுக்கம் நல்லாய்க் குறைஞ்சால் தண்ணி 30 பாகையிலையே கொதிச்சு ஆவியாகி வெளியிலை வரும். அவசரப்பட்டு அஞ்சு நிமிசத்திலை நிப்பாட்டினால் ஈரம் உள்ளுக்கை கிடந்து, ஒயிலோடை சேர்ந்து அமிலமாகி, புதுக் கொயிலையும் தின்னும்.

காஸை மீற்றர் பாத்து அடிக்கேல்லை, தராசிலை சிலிண்டரை வைச்சு நிறுத்து அடிச்சவை. எத்தினை கிராம் எண்டு போனெற்றுக்குக் கீழை ஒட்டின தாளிலை இருக்கு. உங்கடை காரிலும் இருக்கும், பாருங்கோ.

இவ்வளவும் செய்து வாயிலிலை 14. எட்டு வர வேண்டிய இடத்திலை பதினாலு. கொயில் தரமில்லாத சாமான் எண்டு நினைக்கிறன். வித்த கடைக்குப் போய்ச் சண்டை பிடிக்கப்போறன்.

வைகாசி 12

சுன்னாகத்துத் தம்பியின்ரை நல்ல செய்தி. சவர்க்கார நுரை பூசிப் பாத்தவராம். காஸ் ஏத்துற வாயிலின்ரை சின்ன ஊசி வால்விலை குமிழி விட்டிருக்கு. மூடியும் இல்லை. ஒவ்வொரு தரமும் காஸ் அடிச்ச அதே வாயாலை காஸ் போயிருக்கு! ஊசி மாத்தி, மூடி போட்டு, நிறுத்து அடிச்சாச்சு. எனக்குச் சரியான சந்தோசம்.

எல்லாரும் அந்த மூடி ரெண்டும் இருக்கோ எண்டு இண்டைக்கே பாருங்கோ. அதுக்குள்ளை ஒரு றப்பர் இருக்கு. தூசிக்கு மட்டும் இல்லை, கசிவுக்கும் அதுதான் காவல்.

காசு மட்டும் போகேல்லை. ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் வானத்தைச் சூடாக்கிறதிலை அதே நிறைக் காபனீரொட்சைட்டை விட 1430 மடங்கு. சின்னக் காரின்ரை 300 கிராம் வெளியிலை போனால் 430 கிலோ காபனீரொட்சைட்டை விட்டது மாதிரி. 1987 மொன்றியல் உடன்படிக்கையாலை, ஓசோனைக் கெடுத்த பழைய ஏசிக் காஸ் ஆர்-12 ஐ நிப்பாட்டின உலகம், 2016 இலை றுவாண்டாவின்ரை கிகாலியிலை இந்தக் காஸ் குடும்பத்தையும் குறைக்கிறதுக்கு ஒத்துக்கொண்டது. வேண்டுமெண்டு திறந்து விடுற கராச் எண்டால் அங்கை போகாதேங்கோ.

வைகாசி 26

11ஆம் திகதி எழுதினதைத் திருத்த வேணும். கொயிலிலை ஒரு பிழையும் இல்லை. கடைக்காரரிட்டைப் போய்ச் சத்தம் போட்டது என்ரை பிழை. நேற்றுத் திரும்பப் போய் அவரிட்டையே சொல்லிப்போட்டு வந்தன்.

நடந்தது இது. போனெற்றுக்குள்ளை கூலிங் கொயிலுக்குப் போய் வாற ரெண்டு அலுமினியக் குழாயிலும், தடிச்சதைக் கையாலை பிடிச்சன். ஐஸ் மாதிரிக் குளிர்ந்து வேர்த்துக் கிடந்தது. அப்ப குளிர் உண்டாகுது, ஆனால் வாயிலுக்கு வாற வழியிலை எங்கையோ கெடுது. ஹீற்றர்!

யாழ்ப்பாணத்திலை ஹீற்றரை ஆர் நினைக்கிறது? ஆனால் என்ரை காரிலை எஞ்சின் சுடுதண்ணி எந்த நேரமும் ஹீற்றர் கோர் எண்ட சின்ன றேடியேற்றருக்குள்ளாலை ஓடுது. குளிர்ந்த காத்து அதைத் தொடாமல் ஒரு தட்டி மறைக்கும். குளிர், சூடு எண்டு நீலமும் சிவப்பும் போட்ட குமிழைச் சுத்த, வயர் ஒண்டு அந்தத் தட்டியை இழுக்கும். டாஷ்போட் கழட்டிப் பூட்டேக்கை அந்த வயர் கொழுவியிலை சரியாய் உக்காரேல்லை. குமிழ் முழு நீலத்திலை நிக்குது, தட்டி கொஞ்சம் திறந்து நிக்குது. குளிர்ந்த காத்து சுடுதண்ணிக் கோரைத் தொட்டுப்போட்டு எங்களிட்டை வருது.

சோதிச்ச விதம்: எஞ்சின் ஆறின நேரம் ஹீற்றருக்குப் போற ஹோசைத் துணி சுத்தி, ரெண்டு மரத்துண்டு வைச்சு, கிளாம்பாலை நசிச்சு மூடினன். பழைய ஹோஸ் வெடிக்கும், கவனம். பிறகு ஓடிப் பாத்தன். வாயிலிலை 8.5.

ஆனி 3

கராச்சிலை கேட்டன். வயரைச் சரி செய்ய டாஷ்போட்டின்ரை ஒரு பக்கம் திரும்பக் கழட்ட வேணுமாம். "அண்ணை, இஞ்சை ஹீற்றர் ஆருக்கு வேணும்? ரெண்டு ஹோசையும் வளைஞ்ச குழாயாலை நேரை பொருத்தி விடுவம்" எண்டவை. பத்து நிமிச வேலை. விட்டன். ஓடேக்கை 8, நிக்கேக்கை 12. அம்மா கிளினிக்காலை வரேக்கை நித்திரை கொண்டா.

இந்தப் பிரச்சினை உள்ள ஆக்கள் இதையே செய்யலாம்.

ஆடி 20

சோளகக் காத்து பிச்சு அடிக்குது. இழையிலை ஆரோ பழைய காலம் கேட்டிருக்கிறியள். ஐயாவிட்டை ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் இருந்தது. யுத்தத்துப் பொருளாதாரத் தடைக் காலத்திலை மண்ணெண்ணெயிலைதான் ஓடினது. ஸ்ராட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல். அது தங்கத்துக்குச் சமம், ஐயா மருந்துப் போத்திலிலை அலுமாரிக்குள்ளை பூட்டி வைச்சிருந்தவர். ஏசி எண்டு ஒண்டைப் பற்றி நாங்கள் கதைச்சதே இல்லை. முன் கண்ணாடிக்குப் பக்கத்திலை இருக்கிற முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி விட்டால் காத்து நெஞ்சிலை வந்து விழும். இப்பத்தைக் கார் ஒண்டிலும் அந்தக் கண்ணாடி இல்லை. எனக்கு அது கவலை.

ஆவணி 18

நல்லூர்த் திருவிழா. வீதி மறிச்சு, சுத்துப் பாதையிலை கார் ஊருது. கோண்டாவில் அண்ணை ஒருவர் எழுதியிருக்கிறார்: அக்சியோக் கார், ஓடேக்கை குளிர், ஊரேக்கை வெக்கை, மூண்டு பேர் காஸ் எண்டு சொல்லிப்போட்டினம்.

அண்ணை, ஒரு வாளி தண்ணி போதும். கார் நிண்டு ஓடேக்கை முன்னாலை கொண்டென்சரிலை தண்ணியை மெதுவாய் ஊத்துங்கோ. உடனை உள்ளுக்கை குளிர் கூடினால் காஸ் பிழை இல்லை, சூடு வெளியிலை போகேல்லை. ஃபான் சுத்துதோ எண்டு பாருங்கோ. சுத்துற ஃபான் மேல் தண்ணி பீச்ச வேண்டாம்.

ஆவணி 21

அண்ணையின்ரை ஃபான் சுத்தினதாம், ஆனால் சோம்பலாய். மோட்டர் மாத்த சரி. கொண்டென்சருக்கும் றேடியேற்றருக்கும் நடுவிலை ஏ9 கண்டி வீதிப் பூச்சியும் வைக்கோல் தூளும் பாய் மாதிரிப் படிஞ்சு கிடந்ததாம். கழுவேக்கை பிறசர் துவக்கைக் கிட்டப் பிடிக்காதேங்கோ, தகடு மடிஞ்சால் பிறகு காத்துப் போகாது.

புரட்டாதி 9

அக்குவா, பிறியஸ் மாதிரி எஞ்சினாலும் பற்றறியாலும் ஓடுற ஹைபிறிட் கார் வைச்சிருக்கிற ஆக்களுக்கு. இதைக் கட்டாயம் வாசியுங்கோ. உங்கடை கொம்பிறசர் பெல்ற்றிலை ஓடுறேல்லை. கூடின வோல்ற்றிலை மின்சாரத்தாலை ஓடுது. அதுக்குள்ளை மோட்டரின்ரை கம்பிச் சுருள் ஒயிலுக்குள்ளைதான் இருக்கு. ஆனபடியால் மின்சாரம் கடத்தாத தனி ஒயில் வேணும், பிஓஈ வகை. சாதாரணக் காருக்கு விடுற பிஏஜி ஒயில் கொஞ்சம் கலந்தாலே மின்கசிவு காட்டிக் கார் எச்சரிக்கை லைற் போடும், கொம்பிறசர் பழுதாகும். சாதாரணக் காருக்குப் பாவிச்ச அதே மீற்றர் ஹோசுக்குள்ளை இருக்கிற ஒயிலே காணும் கெடுக்கிறதுக்கு. தனி ஹோஸ் இருக்கோ எண்டு கேளுங்கோ. செம்மஞ்சள் வயரை ஆரும் தொடக் கூடாது.

வாகன் ஆர் ஆக்களுக்குச் சின்னதாய்: சந்தியிலை எஞ்சின் தானாய் நிக்கேக்கை குளிர் மெல்லக் குறையிறது பழுது இல்லை. உங்கடை கொம்பிறசர் பெல்ற்றிலைதான் ஓடுது. கொயிலோடை குளிரைச் சேமிக்கிற பை ஒண்டு வைச்சிருக்கிறாங்கள், அது கொஞ்ச நேரத்துக்குத்தான்.

கார்த்திகை 17

மழை. இடப் பக்கக் கால் விரிப்பு நனைஞ்சிருக்கு எண்டு ரெண்டு பேர் கேட்டிருக்கிறியள். தொட்டு மணந்து பாருங்கோ. வெறும் தண்ணி எண்டால் ஏசித் தண்ணி போற குழாய் அடைச்சிருக்கு. எனக்கு ஒருக்கா குளவி மண்கூடு கட்டி அடைச்சது. இனிச்ச மணமும் வழுக்கலும் எண்டால் ஹீற்றர் கோர் ஒழுகுது, அது எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ற். அதை விடாதேங்கோ, எஞ்சின் சூடாகிக் கெட்டுப்போகும்.

கண்ணாடியிலை பனிப்புகார்: வைப்பர் போட அழிஞ்சால் அது வெளிப் பக்கம். ஏசியாலை கண்ணாடி குளிர்ந்து வெளியிலை இருக்கிற ஈரம் படியுது. குளிரைக் குறைச்சால் போகும். கையாலை துடைக்க அழிஞ்சால் உள்பக்கம். ஏசியைப் போட்டுக் காத்தைக் கண்ணாடிக்கு விடுங்கோ, ஏசி ஈரத்தை இழுக்கும்.

மார்கழி 29

ஆனி 3 இலை நான் எழுதினதை ஒருத்தரும் செய்ய வேண்டாம். செய்திருந்தால் திரும்ப மாத்துங்கோ.

பிள்ளையளின்ரை லீவுக்கு நுவரெலியா போனம். ஏ9 ஆலை கண்டி, பிறகு கம்பளை, ரம்பொடை. ரம்பொடை வளைவுகளிலை ஏறேக்கை இருட்டிப்போச்சு, மழை, முகில் றோட்டிலை படுத்துக் கிடக்கு. காருக்குள்ளை அஞ்சு பேர், நனைஞ்ச உடுப்பு. முன் கண்ணாடி உள்ளாலை பால் மாதிரி வெளுத்துது. ஏசியைப் போட்டன். ஈரத்தை இழுக்கும் எண்டு நான்தானே எழுதினனான். இழுத்தது, ஆனால் வெளியிலை பத்துப் பன்னிரண்டு பாகையிலை ஏசிக் காத்து நேரை கண்ணாடியிலை பட, கண்ணாடி இன்னும் குளிர்ந்து வெளிப் பக்கமும் புகார் பிடிச்சுது. அம்மா நடுங்கத் தொடங்கினா. ஏசியை நிப்பாட்ட உள்பக்கம் வெளுக்குது. குமிழைச் சிவப்புக்குத் திருப்பிறன், சூடு எங்காலை வரும்? ஹோசை நான்தானே வெட்டிப் பொருத்தினனான்.

ஏசி ஈரத்தை எடுக்க, ஹீற்றர் அந்தக் காய்ஞ்ச காத்தைச் சூடாக்கிக் கண்ணாடிக்கு விட வேணும். ரெண்டும் சேர்ந்தால்தான் கண்ணாடி துலங்கும். யாழ்ப்பாணத்திலை இருந்து பாக்கேக்கை ஹீற்றர் தேவையில்லாத சாமான் மாதிரித் தெரிஞ்சுது. மனுசி துவாயாலை துடைச்சுக்கொண்டு வர, கண்ணாடியை இறக்கிப்போட்டு, பள்ளப் பக்கம் எது எண்டு வெளியிலை தலையை நீட்டிப் பாத்துக்கொண்டு, நடக்கிற வேகத்திலை ஏறினன். பின்னுக்கு வந்த பஸ் சாரதி ஒருவர் முந்தாமல் லைற் அடிச்சுக்கொண்டு கடைசி வரைக்கும் பின்னாலை வந்தார். ஆர் எண்டு தெரியாது. அவர் நல்லாய் இருக்க வேணும்.

2025 தை 5

வளைஞ்ச குழாயைக் கழட்டி ஹீற்றரைத் திரும்ப இணைச்சம். ஒரு ஹோஸ் கொதிக்குது, மற்றது இளஞ்சூடு. கோர் பாதி அடைப்பு. தண்ணியை ரெண்டு பக்கத்தாலும் மாறி மாறி விட, வெள்ளைத் தூளும் மண்ணிறத் தண்ணியும் வந்தது. கேத்திலுக்கு அடியிலை பிடிக்கிற அதே காவி. எங்கடை நிலம் சுண்ணாம்புக் கல், கிணத்துத் தண்ணி கடினம். இந்தக் காருக்கு முந்தின சொந்தக்காரர் வருசக்கணக்காய்க் கிணத்துத் தண்ணிதான் விட்டிருக்கிறார். றேடியேற்றருக்குக் கலந்து விக்கிற கூலன்றை விடுங்கோ, அல்லது வடிச்ச தண்ணியோடை கலந்து விடுங்கோ. வழியிலை ஆபத்துக்குக் கிணத்துத் தண்ணி விட வேண்டி வந்தால் விடுங்கோ, வீட்டை வந்து மாத்துங்கோ.

வயரையும் சரி செய்தாச்சு. டாஷ்போட்டின்ரை ஒரு பக்கம் மட்டும், ரெண்டு மணித்தியாலம். வயர் உறையைப் பிடிக்கிற கொழுவியிலை இருந்து ஒரு விரல் அளவு தள்ளி நிண்டிருக்கு. ஆனியிலையே இந்த ரெண்டு மணித்தியாலத்தைக் குடுத்திருக்கலாம்.

தை 7

ஒருவர் கேட்டிருக்கிறார், ஹீற்றர் சுடுதண்ணி ஓடுறதாலை ஏசிக்குக் குளிர் குறையாதோ எண்டு. தட்டி முழுக்க மூடினால் குறையாது. நேற்று அளந்தன்: வெளியிலை 29, ஓடேக்கை 7.5. ஹோஸ் வெட்டி இருந்த காலத்தை விட ஒரு முடியும் கூட இல்லை.

தை 15

நேற்றுப் பொங்கல். பின்னேரம் வல்வெட்டித்துறைக்குப் பட்டம் பாக்கப் போனம். கடற்கரை றோட்டிலை கார் ஒரு மணித்தியாலத்துக்கு மேலை ஊர்ந்துது. முன்னாலையும் பின்னாலையும் ஆக்கள், மேலை பட்டம், ஃபான் விடாமல் சுத்துது. வாயிலிலை 11, அதுக்கு மேலை ஏறேல்லை.

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு, "தம்பி, குளிருது, குறை" எண்டா. குமிழைச் சிவப்புப் பக்கம் கொஞ்சம் திருப்பினன். இளஞ்சூடாய்க் காத்து வந்தது.